நூற்றில் ஒரு பங்கு

என் வீட்டுக்காரர் ஐம்பது கிலோமீட்டர் பறக்க வேண்டும் என்பதற்காக நான் பட்ட பாட்டை எழுதினால் ஒரு புத்தகம் தேறும். புத்தகம் எழுத எனக்குத் தெம்பில்லை. இவ்வளவுதான் முடியும்.

ஆவடியில் ராணுவ வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற மனுஷன் அவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்.சி.சி.யில் கிளைடரில் ஒரு தடவை ஏற்றிக்காட்டினார்களாம். என்ஜின் இல்லாத விமானம், இறக்கை மட்டும் நீளமாக இருக்கும், கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டால் சூடான காற்று ஏறுகிற இடமாகத் தேடித் தேடிச் சுற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு ஏறியவர் மனசு இன்னும் இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் சொன்னார், சிரித்தேன். ஓசூருக்கு அப்பால் ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றபோது சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அம்பத்தூரில் ரயில் ஏறினால் திங்கள் காலைதான் வீடு. மற்ற பொம்பளைகளுக்குச் சக்களத்தி இரண்டு காலோடு வருவாள், எனக்கு இரண்டு இறக்கையோடு வந்தாள். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

பறந்துவிட்டு வந்தால் தொலைகிறது. பறந்ததை நிரூபிக்க வேண்டுமாம். அங்கேதான் என் தலை உருண்டது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் அவருடைய படிவம். ஐம்பது கிலோமீட்டர் தனியாகப் பறந்தால் ஒரு சின்ன வெள்ளி வில்லையும் ஒரு சான்றிதழும் தருவார்கள். உலக சாதனைக்குக் கேட்டாலும் சரி, இந்த வில்லைக்குக் கேட்டாலும் சரி, சட்டம் ஒரே குடும்பத்துச் சட்டம்தான். ஒருவருக்கும் வாயால் சொன்னால் நம்பிக்கை கிடையாது. அதற்கென்று நியமித்த ஒரு ஆள் தரையில் இருக்க வேண்டும், அவருக்கு அப்சர்வர் என்று பெயர். பறக்கிறவன் யார், எந்த விமானம், எப்போது கிளம்பினான் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும். போகிற வழியையும் உயரத்தையும் குறிக்கிற ஒரு கருவியை அவர் கண் முன்னால் உள்ளே வைக்க வேண்டும். இறங்கினதும் அது அவர் கைக்குத்தான் போக வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

எங்கள் அப்சர்வர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று ஆவடியிலேயே தங்கிவிட்ட ஒரு அண்ணன். இவருக்கு அண்ணாத்தே, எனக்கு அண்ணன். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வருவார்கள். அவர் பறப்பதை நிறுத்தி ரொம்ப காலம். இவரைப் பறக்க வைக்கிறதுதான் அவருடைய பொழுதுபோக்கு என்று ஆகிவிட்டது.

முதல் முயற்சியில், போகிற இடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வகையில் கிளம்பி, எழுதின இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ ஒரு ஏரிக்கரையில் இறங்கினார். தூரம் இருந்தது, சொன்ன இடம் இல்லை, செல்லாது. இன்னொரு முறை கருவியின் பேட்டரி நடுவானத்தில் செத்துப்போய்ப் பாதி வழி பதிவாகவில்லை. இந்த மனுஷன் அந்தரத்தில் மறைந்து போய் மறுபடி ஒரு கரும்புத் தோட்டத்தில் முளைத்தார் என்றுதான் அது காட்டியது. அதற்கடுத்த முறைதான் வயிற்றெரிச்சல். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஒழுங்காகப் போய் இறங்கினார், கருவியும் உயிரோடு இருந்தது, ஆனால் அன்றைக்கு, கயிறு கட்டி மேலே இழுத்துப்போகிற இழுவை விமானம் அவரை ரொம்ப உயரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. செல்லாது என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயரத்தில் விட்டால் என்ன குற்றம் என்று கேட்டேன். அண்ணன்தான் பொறுமையாகச் சொன்னார்.

"மலை மேலேர்ந்து ஒரு கல்லை உட்டாலும் தூரம் போவும்மா. அத்த பறந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

கயிற்றை விட்ட இடத்தின் உயரத்திலிருந்து தரை தொட்ட இடத்தின் உயரத்தைக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசம், போன தூரத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிலோமீட்டர் போனால் ஐந்நூறு மீட்டர்தான் இழக்கலாம். மீதிக்கு உயரம் வேண்டுமென்றால் காற்றிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விழுந்து வந்த தூரத்தைப் பறந்த தூரத்தோடு சேர்க்க மாட்டார்கள் என்பதுதான் சாரம். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாக இருப்பதைத் திட்டவும் முடியாது, அதுதான் கஷ்டம்.

இதெல்லாம் வருஷக்கணக்கில் நடந்தது. நடுவில் அவருக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையில் ஓட்டினோம். அப்புறம் மாத்திரைக்கும் அடங்கவில்லை. தொழிற்சாலை பூட்ஸ் கடித்துக் குதிகாலில் ஒரு புண் வந்து, ஆறுகிற மாதிரி காட்டிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. கரையான்சாவடியில் நாங்கள் காட்டுகிற டாக்டர், இன்சுலின் ஊசியை ஆரம்பித்தே ஆக வேண்டும், காலோடு விளையாடாதீர்கள் என்றார். ஊசி போடக் கற்றுக்கொண்டு, அந்தப் பேனா மாதிரி இருப்பதை வாங்கிவந்து பிரிட்ஜ் கதவில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

ஏனென்றால் ஊசி ஆரம்பித்தால் கிளப்பில் தனியாகப் பறக்க அனுமதிக்க மாட்டார்களாம். வானத்தில் மயக்கம் வந்தால் யார் பதில் சொல்வது? அதுவும் நியாயம்தான். இவர் சொன்ன பதில்தான் அநியாயம். ஐம்பது முடியட்டும், சர்டிபிகேட் கைக்கு வந்த அன்றைக்கு ஊசி என்றார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், நான்கு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் அவருக்கு நிம்மதி என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வாரமும் அந்தக் காலைக் கழுவித் துணி மாற்றும்போது, புண்ணின் ஓரம் கறுக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இந்த வாரம் காற்று எப்படி என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஒரு மனுஷனுடைய பிடிவாதத்துக்காக அவன் காலையே பணயம் வைத்துவிட்டு நான் எஸ்டேட்டில் போய் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன்.

சலித்துப் போய்க் கடைசியில் நானும் அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்கு வில்லை வேண்டாம், வானம் வேண்டாம், அந்தச் சனியன் பிடித்த தூரம் முடிந்தால் போதும், ஊசியைப் போட்டுவிடலாம். எங்கள் மண்ணூர்பேட்டை அம்மன் கோயிலில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கைகூப்பி, நல்ல காற்றாகக் கொடு தாயே என்று கேட்டவள் இந்தத் தமிழ்நாட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஏதோ ஒரு கொல்லையில் இருந்து பேசினார், பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது. பர்கூருக்கு அந்தப் பக்கம் நிலக்கடலை பிடுங்கின நிலத்தில் இறங்கியிருக்கிறேன், அறுபத்திரண்டு கிலோமீட்டர் என்றார். இந்த முறை இழுவை விமானமே வேண்டாம் என்று தரையில் இருந்து வின்ச் என்கிற கயிறு சுற்றும் இயந்திரம் வைத்து இழுத்து, தரைக்கு நானூறு மீட்டர் மேலேயே கயிற்றை விட்டுவிட்டாராம். ஐந்நூறுக்குள் நானூறு, பேட்டரி உயிரோடு இருக்கிறது, எழுதிக் கொடுக்க வேண்டிய இடமும் இல்லை. ஒரு ஓட்டையும் இல்லை என்றார். அவர் குரல் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்து நான் கேட்டதேயில்லை. பிள்ளை பிறந்தபோதுகூட இப்படிப் பேசவில்லை. போனை வைத்துவிட்டு நான் அழுதேன். இனிப்பு செய்ய வழியில்லாத வீடு, ஆகவே உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிளப்பில் கம்ப்யூட்டர் கெட்டுக் கிடந்ததால், கருவியில் இருப்பதை என் லேப்டாப்பில் ஏற்றிப் படிவத்தை அன்றைக்கே சான்றிதழ் கொடுக்கிற ஆபீசுக்கு அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. நான் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். இவர் வடையை வாயில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அண்ணன் கருவியைத் தன் பையிலிருந்து எடுத்தார். வழியெல்லாம் இவரைத் தொடவிடவில்லையாம், அவ்வளவு சுத்தம்.

திரையில் கோடு வந்தது. ஓசூருக்கு அப்பாலிருந்து கிளம்பி, வடக்கே கோலார் பக்கம் போகிற மாதிரி கொஞ்ச தூரம் போய், அங்கே சுற்றிச் சுற்றி உயர்ந்து, அப்புறம் கிழக்கே திரும்பி நீளமாக ஓடியிருந்தது. தூரம் அறுபத்திரண்டுதான். நான் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். கயிற்றை விட்ட உயரம், கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர். தரை தொட்ட இடம் ஐந்நூறு மீட்டர். தட்டச்சு செய்துவிட்டு என் கை நின்றது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

கழித்தால் எண்ணூறு. அறுபத்திரண்டு கிலோமீட்டருக்கு அனுமதி அறுநூற்றிருபது.

முதலில் கருவி தப்பு என்றுதான் நினைத்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது, பூமிதான் இறங்கியிருந்தது. ஓசூர் மேட்டு நிலம், அங்கே தரையே தொள்ளாயிரம் மீட்டரில் இருக்கிறது. கோலார் பக்கம் போயிருந்தால் அதே மேட்டிலேயே இறங்கியிருப்பார், அந்த நானூறோடு போயிருக்கும். கிழக்கே காற்று நன்றாக இருக்கிறதென்று திரும்பி, மேட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழ் நாட்டில் இறங்கிவிட்டார். மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஆளுக்குத் தரை என்றால் ஒரே மட்டம். மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிற ஊர் இது. ஒரு ஊரை விட இன்னொரு ஊர் நானூறு மீட்டர் பள்ளத்தில் இருக்கும் என்பது எங்கள் புத்தியில் ஏறுகிற விஷயமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எங்களுக்கு வாய்க்குள் போய்த் திரும்பி வந்தது.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். எனக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், உயரத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடுங்கள், வில்லையை வைத்துக்கொண்டு இவர் யாரிடம் போய்ப் பெருமையடிக்கப் போகிறார், இது இல்லையென்றால் ஊசி போட மாட்டார், மறுபடி இன்னொரு வருஷம் காற்று பார்த்துக்கொண்டு உட்காருவார், அதற்குள் கால் போய்விடும் என்றேன். குதிகால் புண்ணின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருப்பதையும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும்கூட.

கருவிக்குள் எழுதியதை மாற்ற முடியாது, மாற்றினால் காட்டிக்கொடுக்கும் என்றார் அண்ணன். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மாத்த முடிஞ்சாலும் நான் போட மாட்டேம்மா. அவன் பறந்தத பாத்ததுக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி. நான் பொய் சொல்லிட்டன்னா அவன் பறந்ததும் பொய்யாப்பூடும்."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உங்கள் சாட்சியை உப்பு போட்டு ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வயசில் பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் இவர் ஈரத் தலையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறார். தண்ணீர் சத்தம் எப்போது நின்றதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

எவ்வளவு அதிகம் என்று மட்டும் கேட்டார். நூற்று எண்பது மீட்டர் என்றார் அண்ணன். இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கிளம்பும்போது உயரம் காட்டுகிற முள்ளைத் தரையில் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டுதான் போவார்களாம். இறங்குவதற்கு முன்னால் அந்த முள் பூஜ்யத்துக்கும் கீழே போனதை இவர் பார்த்திருக்கிறார். கிளப்பில் எந்தக் கருவிதான் ஒழுங்காக வேலை செய்தது, இதுவும் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அதன் மூஞ்சியில் விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேலேர்ந்து பாத்தா எல்லாம் சமமாத்தான் கீது அண்ணாத்தே. கீழ எறங்கிக்கினே போறது தெரியவே இல்ல."

அப்புறம் என்னைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர்கள் செல்லாது என்று சொல்வதைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டுமா, எனக்கு வேறு வேலை இல்லையா, இத்தனை வருஷம் உங்கள் பின்னால் ஓடியது போதாதா என்று கத்தினேன். கையில் இருந்த கரண்டி எங்கே போய் விழுந்தது என்று தெரியாது.

"வோணாம்னு சொல்றதுக்காவது ஒருத்தன் அத்த படிக்கணும்ல மே. அனுப்பு."

அண்ணன் உள்ளதை உள்ளபடி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் அனுப்பினேன். ஊசி என்று கேட்டேன். பதில் வரட்டும் என்றார். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எஸ்டேட்டுக்குப் போய் மீதி அரை நாள் வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஓசூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார், எனக்கு அது பழக்கமில்லாமல் யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்கிற மாதிரி இருந்தது. காய் நறுக்கித் தருகிறேன் என்று வந்து விரலை வெட்டிக்கொள்ளப் பார்த்தார். வெட்டிக்கொண்டால் அதுவும் ஆறாது என்று கத்தியைப் பிடுங்கி வைத்தேன். தினமும் என் போனை வாங்கி மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பதிலில் என்ன இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அது வந்ததும் ஏதாவது இன்னொரு சாக்கு சொல்வார், அடுத்த சீசன் என்பார் என்று நான் மனசுக்குள் சண்டைக்கு வாக்கியங்கள் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைக் கூப்பிடுவேன், தொழிற்சாலையில் சொல்லிவிடுவேன், வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று எல்லாம் தயாராக இருந்தது.

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. நான் அவர் காலை என் மடியில் வைத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது, எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி. கோரிக்கை ஏற்கப்படவில்லை. கருவியின் பதிவு ஆராயப்பட்டது. பறந்த தூரம் அறுபத்திரண்டு கிலோமீட்டர் எனச் சரிபார்க்கப்பட்டது. உயர இழப்பு, அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பதால் சான்றிதழ் வழங்க இயலாது. தமிழில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பஞ்சை எடுத்தேன். சேர்த்து வைத்த வாக்கியங்களில் எதை முதலில் எடுப்பது என்று தேடினேன்.

தூரத்தைப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போட்டிருக்கிறார்கள் என்றேன். சரிபார்த்தோம் என்று போட்டிருக்கிறதா என்றார். ஆமாம் என்றேன். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். இங்கிலீசிலேயே படி என்றார். அப்படியும் படித்தேன்.

காலை என் மடியிலிருந்து எடுத்து, நொண்டிக்கொண்டே பிரிட்ஜ் வரைக்கும் போனார். கதவைத் திறந்து ஊசிப் பேனாவை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் வயிற்றை அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்.

"அத்த படிச்சிக்கினே போடு" என்றார்.

ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் போனுமாக, அந்த ஒரு வரியை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.